கேரட்டா, கீரையா, மாத்திரையா: கண்ணுக்கு எது உண்மையில் உதவும்?

கண்ணாடி போட்டவர்களில் "கேரட் சாப்பிடு, பவர் குறைஞ்சிடும்" என்று ஒரு தடவையாவது கேட்காதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் இன்னொருவர் வந்து, கேரட்டெல்லாம் சும்மா, கீரைதான் கண்ணுக்கு என்பார். மூன்றாமவர் கையில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும், மேலே பளிச்சென்று ஒரு கண் படமும் லூட்டின் என்ற பெயரும். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் குறைந்துபோன சத்தைக் காய்கறி திருப்பிக் கொடுக்கும், கண்ணின் வடிவத்தை அது மாற்றாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேருக்கு ஏமாற்றம் வருகிறது, மீதிப் பேருக்குக் காலம் போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தக் கோளாறு? இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். "கண் சரியா தெரியல" என்ற ஒரே புகாருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழெட்டு விஷயங்கள் இருக்கின்றன. கிட்டப்பார்வை என்றால் விழி கொஞ்சம் நீண்டுவிட்டது என்று பொருள். வளர்ந்தவரின் விழி முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர், அது வெறும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே கண்ணாடியில் இரண்டரை முதல் மூன்று பவர் ஏறிவிடும். நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடிக்க வைக்கும் வெள்ளெழுத்து, லென்ஸ் தன் நெகிழ்ச்சியை இழப்பதால் வருவது. சிலிண்டர் பவர் பெரும்பாலும் கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால். கண்புரை என்பது லென்ஸே கலங்கிப்போவது. இவை எல்லாம் அமைப்புக் கோளாறுகள். இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் மாலைக்கண் இருக்கிறது, அது பெரும்பாலும் சத்துக்குறைவு. வயதாவதால் வரும் மாகுலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போவது, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. உங்களுடையது எது என்று தெரியாமல் கேரட்டா கீரையா என்று பேசுவது வீண்.

சான்று எவ்வளவு பலம்? கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கண் நோய் குறைவாக வருகிறது என்று பல வருடம் கவனித்து எழுதிய ஆய்வு ஒரு ரகம். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு மருந்தும் மறுபக்கத்துக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த சோதனை இன்னொரு ரகம். முதல் ரகத்தில் ஒரு ஓட்டை உண்டு: கீரை நிறையச் சாப்பிடுகிறவர் பொதுவாகவே சிகரெட் பிடிக்காதவராக, நடக்கிறவராக, டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவராக இருப்பார். கண்ணைக் காத்தது கீரையா அந்தப் பழக்கங்களா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

உள்ளே எவ்வளவு போய்ச் சேருகிறது? தட்டில் இருக்கும் அளவும் ரத்தத்தில் சேரும் அளவும் ஒன்றல்ல.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பணத்தை மட்டும் சொல்லவில்லை. வேறு மருந்தோடு மோதுவது, அளவு மீறினால் வரும் கெடுதல், எல்லாவற்றுக்கும் மேலாக, சரியான சிகிச்சை தள்ளிப்போவது.

## ஆரஞ்சு நிறக் காய்கள்: கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி

என்ன செய்கிறது: கேரட்டின் புகழ் முழுப் பொய் இல்லை. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி. அந்த நிறமியின் ஒரு பாகம் ஒரு புரதம், மற்ற பாகம் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். இந்த ரெட்டினால் மூலக்கூறு இருட்டில் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளியின் ஒரே ஒரு துகள் வந்து பட்டால் போதும், வளைவு நிமிர்ந்துவிடும், அந்த அசைவுதான் நரம்பில் செய்தியாக மாறி மூளைக்குப் போகிறது. பிறகு அந்த மூலக்கூறு புரதத்தை விட்டுப் பிரிந்து, மறுபடி வளைக்கப்பட்டு, திரும்ப வந்து உட்காரும். கண்ணில் வைட்டமின் ஏ-க்கு இருக்கும் பங்கைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவரோடு அதைப் பகிர்ந்தவர்கள் ராக்னர் கிரானிட்டும் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைனும்.

இந்தச் சுழற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போவதை உணவுதான் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாவிட்டால் முதலில் அடிபடுவது இருட்டுப் பார்வை. வெளிச்சத்திலிருந்து இருண்ட அறைக்குள் போனால் யாருக்குமே கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், குறைபாடு உள்ளவருக்கு எவ்வளவு நேரமானாலும் பழகாது. பகலில் ஓடியாடுகிற குழந்தை பொழுது சாய்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அதற்கும் மேலே போனால் கண் வறண்டு, வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரை காய்ந்தது மாதிரி சாம்பல் நிறத் திட்டுகள் வரும். கடைசிக் கட்டத்தில் கருவிழியே கரைந்துபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்றின்படி, இந்தக் குறைபாட்டால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் குழந்தைகள் பார்வையை இழக்கிறார்கள். அதில் பாதிப் பேர் அடுத்த 12 மாதத்துக்குள் இறந்தும்போகிறார்கள்.

எவ்வளவு போய்ச் சேருகிறது: கேரட்டில் இருப்பது நேரடி வைட்டமின் ஏ இல்லை, பீட்டா கரோட்டின். குடலில் அது வைட்டமினாக மாற வேண்டும். உணவிலிருந்து வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினை 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கிலேயே 100 கிராம் பச்சைக் கேரட் சுமார் 835 மைக்ரோகிராம் தருகிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 700, ஆணுக்கு 900. அதாவது ஒன்றரை, இரண்டு கேரட்டோடு கதை முடிந்தது. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஏறக்குறைய இதே அளவு கொடுக்கும். பச்சையாகக் கடிப்பதைவிட வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் நன்றாகச் சேரும், ஏனென்றால் கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். மரபணு காரணமாகச் சிலருக்கு இந்த மாற்றம் மந்தமாகவே நடக்கும், அது வேறு.

சரி, இரண்டு கேரட்டில் தேவை முடிந்தது என்றால் பத்து கேரட் சாப்பிட்டால்? ஒன்றும் ஆகாது. தேவைக்கு மேல் வந்தால் உடம்பு மாற்றும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நன்றாகச் சாப்பிடுகிறவரின் கல்லீரலில் மாதக்கணக்கில் வைட்டமின் ஏ கையிருப்பு வேறு கிடக்கும். மிஞ்சிய கரோட்டின் தோலுக்குப் போகும், உள்ளங்கையும் உள்ளங்காலும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். இதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று பதறுவார்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்: கேரட் என்றால் அது வெள்ளையாகவே இருக்கும், காமாலை என்றால் அதுவும் மஞ்சளாகிவிடும்.

இருட்டில் பூனை மாதிரி பார்க்கலாம் என்ற நம்பிக்கை இவ்வளவு பரவியதற்கு இரண்டாம் உலகப் போரும் ஒரு காரணம். பிரிட்டனின் இரவு நேரப் போர் விமானிகள், குறிப்பாக ஜான் கன்னிங்காம், எதிரி விமானங்களை இருட்டில் சுட்டு வீழ்த்தியபோது, கேரட் சாப்பிட்டதால் கிடைத்த பார்வை என்று செய்தி பரப்பினார்கள். உண்மையில் அவர்களுடைய விமானத்தில் ரேடார் இருந்தது. எதிரி அதை நம்பினானோ இல்லையோ, நம் ஆட்கள் இன்று வரை நம்புகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஜூஸ். கண்ணுக்கு நல்லது என்று தினமும் பெரிய கிளாஸ் கேரட் ஜூஸ் குடிப்பவர்கள் நார்ச்சத்தை வடிகட்டியில் விட்டுவிட்டுச் சர்க்கரையைத்தான் குடிக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர் பார்வை மங்கலுக்கு மருந்தாக இதைக் குடித்தால், விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கிற அதே சர்க்கரையைத்தான் ஏற்றிக்கொள்கிறார்.

எப்போது இதுவே சரி: சாப்பாட்டில் ஆரஞ்சு காயோ கீரையோ பால் பொருளோ முட்டையோ எதுவுமே சரியாக இல்லாத நிலை. அப்போது கேரட் உண்மையிலேயே மருந்து மாதிரி வேலை செய்யும். ஆனால் மாலைக்கண் ஏற்கெனவே வந்துவிட்டால் சமையலறையில் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது. டாக்டர் கொடுக்கும் வைட்டமின் ஏ சில நாள்களிலேயே மாற்றம் காட்டும்.

## கரும்பச்சைக் கீரைகள்

என்ன செய்கிறது: விழித்திரையின் நடுவில் மாகுலா என்ற சின்ன இடம். எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அங்கேதான். அந்த இடம் மஞ்சளாக இருக்கும், அதற்குக் காரணம் லூட்டின், ஜியாசாந்தின் என்ற நிறமிகள். நீல ஒளியை இவை கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கின்றன, கண்ணுக்குள்ளேயே மாட்டிய மஞ்சள் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியால் உண்டாகும் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் தணிக்கின்றன. இவற்றை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு.

இங்கேதான் கேரட் தோற்கிறது. 100 கிராம் பச்சைப் பாலக் கீரையில் சுமார் 12 மில்லிகிராம் லூட்டினும் ஜியாசாந்தினும் இருக்கின்றன. கேரட்டில் கால் மில்லிகிராம். கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு வித்தியாசம். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, கீரையிலும் மஞ்சள் நிறமி உண்டு, பச்சையம் அதை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். போதாததற்கு அதே 100 கிராம் கீரை சுமார் 470 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-யும் தருகிறது. கேரட்டின் வேலையில் பாதிக்கு மேல் கீரையே செய்துவிடும், கீரையின் வேலையைக் கேரட்டால் செய்ய முடியாது. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் கீரையைத்தான் எடுப்பேன்.

சான்று: 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கரோட்டின் வகைச் சத்துகளை உணவில் மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட முற்றிய மாகுலா சிதைவு வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. அதிலும் பாலக் மாதிரியான கரும்பச்சைக் கீரைகளோடுதான் தொடர்பு பலமாகத் தெரிந்தது. கண் அழுத்த நோய்க்கும் இப்படி ஒரு தொடர்பு 2016-இல் வந்தது. பச்சை இலைகளில் உள்ள நைட்ரேட்டை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு 20 முதல் 30 சதவீதம் குறைவு. இரண்டுமே கவனித்து எழுதிய ரகம், மேலே சொன்ன ஓட்டை இவற்றுக்கும் உண்டு. இருந்தாலும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் இதெல்லாம் "நாளை வரக்கூடியதைத் தள்ளிப்போடும்" என்ற கணக்கு, "இன்று எழுத்து தெளிவாகத் தெரியும்" என்பது அல்ல. நல்ல கண் உள்ள ஒருவர் மாதக்கணக்கில் கீரை சாப்பிட்டுவிட்டு டாக்டரின் எழுத்துப் பலகையில் இன்னொரு வரி கீழே படிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. லூட்டினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த சில சோதனைகளில் மாகுலாவின் நிறமி அடர்ந்தது, எதிர் வெளிச்சக் கூச்சத்திலிருந்து கண் கொஞ்சம் சீக்கிரம் மீண்டது, அதற்கே பல மாதம் ஆயிற்று.

எவ்வளவு போய்ச் சேருகிறது: இதுவும் கொழுப்பில் கரைவதே. கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங் ஊற்றிய சாலட்டைக் கொடுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றில், ரத்தத்தில் கரோட்டின் வகைகள் ஏறியதாகவே தெரியவில்லை. எண்ணெய் சேர்ந்த டிரெஸ்ஸிங்கோடு கொடுத்தபோதுதான் ஏறின. சின்னச் சோதனைதான், ஆனால் டயட் என்ற பெயரில் வெறும் இலையை மென்று கொண்டிருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. கைப்பிடிக் கணக்கிலும் ஏமாறாதீர்கள், பாத்திரம் நிறையப் போட்ட இலை வெந்ததும் இரண்டு கரண்டிக்கு வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கீரையே கூடாது என்பதில்லை, அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கக் கூடாது, கூட்டுவதாக இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாலக்கில் உள்ள ஆக்சலேட் ஒத்துவராது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: நடுவயதைத் தாண்டியவர், குடும்பத்தில் யாருக்காவது மாகுலா சிதைவு இருந்தவர், புகைத்தவர். கண்ணை விட்டுப் பார்த்தாலும் கீரை சாப்பிடக் காரணம் நிறைய உண்டு என்பதால், கண்ணில் பலன் குறைவாகவே கிடைத்தாலும் நஷ்டம் இல்லை.

## சோளம், குடைமிளகாய், முட்டை

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மஞ்சள் மக்காச்சோளத்திலும் ஆரஞ்சு நிறக் குடைமிளகாயிலும் ஜியாசாந்தின் உண்டு, கீரை பிடிக்காதவருக்கு நல்ல துணை. முட்டை காய்கறி இல்லை, ஆனால் அதன் மஞ்சள்கருவில் லூட்டின் கொழுப்போடு கலந்தே இருப்பதால் எளிதில் சேரும். அளவுதான் கம்மி, ஒரு முட்டைக்குக் கால் மில்லிகிராம் அளவு. வெள்ளரிக்காயைக் கண் மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், வேறொன்றும் இல்லை.

## மாத்திரை

என்ன செய்கிறது: கண் மாத்திரைகளில் உருப்படியாகச் சோதிக்கப்பட்டது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் சோதனை, முடிவு வெளியானது 2001-இல். வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட், துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2 மில்லிகிராம், கூடவே பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம். மாகுலா சிதைவு நடுக்கட்டத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும், நோய் முற்றும் வாய்ப்பு ஐந்து ஆண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. 2013-இல் வந்த இரண்டாம் சோதனையில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் 10, ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் சேர்ப்பதே நல்லது என்று தெரிந்தது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை.

இந்த அளவுத் துத்தநாகத்தையும் வைட்டமின் இ-யையும் எந்தக் காய்கறியாலும் எட்ட முடியாது. ஆகவே நடுக்கட்ட நோயாளிக்கு மாத்திரை கீரையை வென்றுவிடுகிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நோய் இல்லாதவருக்கோ ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கோ பலன் தெரியவில்லை. கண்புரையையும் தடுக்கவில்லை. போன பார்வையைத் திருப்பியும் தரவில்லை.

மறைந்திருக்கும் செலவு: இங்கேதான் நிறைய. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த சோதனை 1994-இல் வெளியானது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நல்லது செய்யும் என்று எதிர்பார்த்துக் கொடுத்ததுதான். புகைப்பவரோ புகைத்து விட்டவரோ கண் மாத்திரை வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காய்கறியாகச் சாப்பிடும் கேரட்டுக்கு இந்தப் பயம் இல்லை.

நேரடி வைட்டமின் ஏ மாத்திரை இன்னொரு கதை. உடம்பு கேரட்டை மாற்றும்போது நிறுத்திக்கொள்ளும், மாத்திரையாக உள்ளே போனால் நிறுத்த வழியில்லை. பெரியவர்களுக்கு நாளைக்கு 3,000 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. கர்ப்பிணிகள் அதிக அளவில் எடுத்தால் கருவுக்கு ஊனம் வரலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

இது போக, டப்பாவில் கண் படம் போட்டதெல்லாம் அந்தச் சோதனையில் பயன்பட்ட கலவை இல்லை. அதே பெயர்களை அச்சடித்துவிட்டு அளவைப் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவையும் கிடைக்கும். பெயரைப் பார்க்காமல் மில்லிகிராமைப் பாருங்கள்.

எப்போது இதுவே சரி: கண் டாக்டர் மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்து, நடுக்கட்ட மாகுலா சிதைவு என்று சொன்ன பிறகு. கொழுப்புச் சத்தை உறிஞ்ச முடியாத குடல், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் வைட்டமின் ஏ மாத்திரை தேவைப்படலாம். அவர்களுக்கு எவ்வளவு கேரட் கொடுத்தாலும் உள்ளே சேராது.

## கண்ணாடியும் பரிசோதனையும்

பவர் பிரச்சினை எல்லாவற்றுக்கும் இதுதான் பதில், போட்டியே இல்லை. நீண்டுபோன விழியை எந்தக் காயும் குட்டையாக்காது. குழந்தைக்குக் கிட்டப்பார்வை வராமல் பார்த்துக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அது தட்டில் இல்லை, வெளியே இருக்கிறது: சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகக் குழந்தைகளை வெளியே விட்டுப் பார்த்த சோதனையில் (2015), மூன்று ஆண்டுகளில் 30.4 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல விட்ட பள்ளிகளில் 39.5 சதவீதம். கேரட் ஊட்டும் நேரத்தில் விளையாட விடலாம்.

அப்படியானால் "எனக்குக் கேரட்டில்தான் பவர் குறைந்தது" என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. பவர் தானாகவே மாறும், அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததற்குப் பெயர் போய்விடும். தூரப்பார்வையோடு பிறந்த குழந்தைக்கு விழி வளர வளர பிளஸ் பவர் குறைவது இயல்பு. ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸ் வீங்கிச் சுருங்கிப் பவர் மாறும். இன்னொன்று இன்னும் விசித்திரம்: அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கேரட் ஜூஸுக்குப் பாராட்டு. உண்மையில் அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். லென்ஸின் நடுப்பகுதி இறுகி அடர்த்தியாகும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகரும், கிட்டே தெளிவாகும், தூரம் மங்கும். கொஞ்ச காலம் கழித்து இரண்டும் மங்கும்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு, கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டு விழித்திரையைப் பரிசோதிக்காமல் விடுவது. கண் அழுத்த நோய் ஓசையில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறவருக்கும் அது இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | எதற்கு உதவும் | எதற்கு உதவாது | சான்று | யார் கவனம் |
|---|---|---|---|---|
| கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி | வைட்டமின் ஏ குறைவு, மாலைக்கண் தடுப்பு | கண்ணாடிப் பவர், கண்புரை | குறைபாடு உள்ளவர்களில் உறுதி | ஜூஸ் குடிக்கும் நீரிழிவுக்காரர் |
| கரும்பச்சைக் கீரை | மாகுலாவுக்குக் காப்பு, வைட்டமின் ஏ-யும் | கண்ணாடிப் பவர் | கவனிப்பு ஆய்வுகள், நடுத்தரம் | வார்ஃபரின், சிறுநீரகக் கல் |
| ஏரெட்ஸ் வகை மாத்திரை | நடுக்கட்ட மாகுலா சிதைவு முற்றாமல் | நோய் இல்லாதவர், கண்புரை | பெரிய சோதனைகள், பலம் | புகைப்பவர், புகைத்து விட்டவர் |
| வைட்டமின் ஏ மாத்திரை | உறுதியான குறைபாடு | மற்ற எல்லாம் | குறைபாட்டில் உறுதி | கர்ப்பிணி, ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர் |
| கண்ணாடி, பரிசோதனை | பவர் கோளாறு, நோயை முன்கூட்டிப் பிடிக்க | சத்துக்குறைவு | கேள்விக்கு இடமில்லை | யாரும் தள்ளிப்போடக் கூடாது |

## உங்கள் நிலைமைக்கு

இருபது வயது, கண்ணாடி, மைனஸ் மூன்று: காய்கறியைக் கண்ணுக்காகச் சாப்பிட வேண்டாம், பசிக்காகச் சாப்பிடுங்கள், கண்ணாடியைப் போடுங்கள்.

நாற்பத்தைந்து வயது, கிட்டே படிக்கச் சிரமம்: படிக்கும் கண்ணாடி வாங்குங்கள், அதோடு கீரையைச் சாப்பாட்டில் நிரந்தரமாக்குங்கள். கண்ணாடி இன்றைக்கு, கீரை இருபது வருடம் கழித்து.

சாப்பாட்டில் படு பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை: இதை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். பிரிட்டனில் பல வருடம் உருளைக்கிழங்கு வறுவல், சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி என்றே ஓட்டிய ஒரு பதின்ம வயதுப் பையனுக்குப் பார்வை நரம்பு கெட்டுப் பார்வை நிரந்தரமாகப் பாழானது 2019-இல் மருத்துவ இதழில் வெளியானது. அவனுக்கு இருந்த குறைகளில் முக்கியமானது பி12. அது காய்கறியிலேயே கிடையாது, முட்டை, பால், மீன், இறைச்சியில்தான் இருக்கிறது, இல்லையென்றால் மாத்திரையில். ஆகவே விலங்கு உணவு எதையும் தொடாதவர்கள் கேரட்டையும் கீரையையும் கூடையாகச் சாப்பிட்டாலும் பி12-க்குத் தனியாக வழி பார்க்க வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர்: முதலில் விழித்திரைப் பரிசோதனை, மாத்திரை வேண்டுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு. இடையில் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட நோட்டுத் தாளை ஒரு அடி தூரத்தில் பிடித்து நடுவில் ஒரு புள்ளியைப் பாருங்கள். அப்புறம் மறு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். நேர்க்கோடு நெளிந்தோ, நடுவில் ஒரு இடம் அழிந்தோ தெரிந்தால், அல்லது கண்ணில் திடீர் மின்னல், கொத்துக் கொத்தாகப் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவது மாதிரி நிழல் என்று எது வந்தாலும், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.